ஜனநாயகச் சரிவு பற்றி முனைவர் பட்ட ஆய்வு: வி-டெம் தரவு போதுமா, களத்துக்குப் போக வேண்டுமா?

புதுஏடு:
அரசியல் அறிவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து முதல் வருடம் முடியப் போகிறது, தலைப்பு இன்னும் உறுதியாகவில்லை. தேர்தலில் ஜெயித்து வந்த அரசுகளே நீதிமன்றம், தேர்தல் ஆணையம், பத்திரிகை என்று ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் கொண்டுவருவது எப்படி நடக்கிறது, அதுதான் என் ஆர்வம். ராணுவப் புரட்சி செய்து ஆட்சியைப் பிடிக்கும் காலம் குறைந்து, இப்படிச் சட்டப்படியே உள்ளிருந்து அரிப்பதுதான் இன்றைய வழி என்று நான்சி பெர்மியோ 2016இல் எழுதிய கட்டுரையைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

கைடு சொல்வது, நாடுகளின் ஜனநாயக நிலையை எண்ணாக அளக்கும் வி-டெம் தரவை இறக்கிக்கொள், எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பார்க்கும் ரெகிரெஷன் கணக்கு ஒன்று போடு, மூன்று கட்டுரைகளாக முடித்துவிடு என்று. சமீபத்தில் வந்த ஆய்வேடுகளைப் புரட்டினால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன, இல்லையென்றால் கருத்துக்கணிப்பு வழியாகச் செய்யும் சோதனைகள். ஆனால் எனக்கு அந்த நீதிபதிகளையும் அதிகாரிகளையும் நேரில் பார்த்துப் பேச வேண்டும் என்று இருக்கிறது. இது வேலைக்கு ஆகுமா, இல்லை சிக்கலை விலைக்கு வாங்குகிறேனா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கல்தூண்:
முதலில் வி-டெம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் அதை நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கலாம். ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்து நடக்கும் திட்டம், 1789 வரை பின்னால் போகிறது. "இந்த வருடம் இந்த நாட்டில் நீதிபதிகள் முறையில்லாமல் நீக்கப்பட்டார்களா" போன்ற கேள்விகளை அந்த நாட்டை அறிந்த பல நிபுணர்களிடம் கேட்டு, ஒருவர் தாராளமாக மதிப்பெண் போடுபவர், இன்னொருவர் கறாரானவர் என்ற வேறுபாட்டைப் புள்ளியியல் மாதிரியால் சரிசெய்து, கடைசியில் ஒரு எண் தருகிறார்கள். கூடவே அந்த எண் எவ்வளவு நிச்சயமற்றது என்ற வரம்பும் வரும். பலர் அந்த வரம்பைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த ஒற்றை எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள், அதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

2024இல் ஆண்ட்ரூ லிட்டிலும் ஆன் மெங்கும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆளுங்கட்சி தோற்று ஆட்சி மாறுகிறதா, ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் எவ்வளவு, இப்படி நிபுணரின் அபிப்பிராயம் தேவைப்படாத அளவுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் உலக அளவில் சரிவுக்குப் பெரிய ஆதாரம் தெரியவில்லை, ஒருவேளை செய்திகளைப் படித்து நிபுணர்களின் மனநிலைதான் மாறியிருக்கலாம் என்றார்கள். வி-டெம் தரப்பு சும்மா இருக்கவில்லை, நீங்கள் எடுத்த அளவுகள் நுட்பமான மீறல்களைப் பிடிக்காது, புறவயமாகத் தெரியும் எண்ணிலும் தேர்வு செய்தவரின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்று விரிவாகப் பதில் எழுதியது. இந்த இரண்டையும் வரிவரியாகப் படிக்காமல் இந்தத் தலைப்பில் ஆய்வுத் திட்டம் எழுதாதீர்கள். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

மழைக்கோடு:
உங்கள் பிரச்சினை தரவா களமா என்பது இல்லை. 'ஜனநாயகச் சரிவு' என்ற தலைப்பு ஒரு ஆய்வேட்டுக்குத் தாங்காது. அதற்குள் இருக்கும் ஒரே ஒரு உத்தியை எடுங்கள்.

ஒன்று சொல்கிறேன், நீதிபதிகளின் ஓய்வு வயது. ஹங்கேரியில் 2010இல் ஃபிடெஸ் கட்சி மூன்றில் இரண்டு பங்கு இடங்களோடு வந்தது. 2012 தொடக்கத்திலிருந்து நீதிபதிகளின் ஓய்வு வயது 70இலிருந்து 62 ஆனது. சட்டத்தைப் படித்தால் ஒரு தப்பும் தெரியாது, எல்லா அரசு ஊழியருக்கும் ஒரே மாதிரி வயது என்றுதான் காரணம் சொன்னார்கள். ஆனால் அந்த வயது வரம்புக்குள் யார் வருகிறார்கள்? பெரும்பாலும் மூத்தவர்கள், நீதிமன்றத் தலைவர்களாக இருந்தவர்கள். அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2012 ஜூலையிலேயே ரத்து செய்தது, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் நவம்பரில் தப்பு என்றது. பலன்? தலைமைப் பதவிகளில் அதற்குள் புது ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நீதிபதியாகத் திரும்ப வரலாம், பழைய நாற்காலி கிடையாது.

அதே உத்தியைப் போலந்து 2018இல் உச்ச நீதிமன்றத்தில் போட்டது, 70இலிருந்து 65. அங்கே தலைமை நீதிபதி மவ்கோஜாதா கெர்ஸ்டோர்ஃப், என் பதவிக்காலம் சாசனத்தில் எழுதியிருக்கிறது என்று சொல்லி, புதுச் சட்டப்படி ஓய்வு பெற்றிருக்க வேண்டிய ஜூலை 4 அன்று வழக்கம்போல வேலைக்கு வந்தார். அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது, வருட முடிவுக்குள் அரசு சட்டத்தைத் திருத்தி நீதிபதிகளைத் திரும்ப எடுத்தது. முழுத் தீர்ப்பு 2019 ஜூனில் வந்தது.

ஒரே உத்தி, ஒரே ஐரோப்பிய நீதிமன்றம். ஒரு இடத்தில் அரசு நினைத்தது நடந்தது, இன்னொரு இடத்தில் பின்வாங்கியது. ஏன்? தீர்ப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு வந்ததாலா, நாடாளுமன்றத்தில் சாசனத்தைத் திருத்தும் பலம் இல்லாததாலா, நீதிபதிகளே ஒன்றுகூடி நின்றதாலா? இதுதான் ஆய்வுக் கேள்வி. வி-டெம் எண் இரண்டு நாட்டிலும் கோடு கீழே போவதைக் காட்டும், அந்த ஆறு மாதத்தில் யார் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட மறுத்தார் என்று காட்டாது. அதைத் தெரிந்துகொள்ள ஆட்களிடம்தான் போக வேண்டும்.

அகல்விழி:
சோதனை முறையை அப்படி ஓரமாகத் தள்ளாதீர்கள். கிரஹாமும் ஸ்வோலிக்கும் 2020இல் செய்தது இந்தத் துறைக்கே முக்கியமானது. கற்பனை வேட்பாளர்களைக் காட்டி, உங்கள் கட்சிக்காரர் ஜனநாயகத்தை மீறினால் அவரைக் கைவிடுவீர்களா என்று அமெரிக்க வாக்காளர்களிடம் சோதித்தார்கள், கட்சியை விட்டுக்கொடுத்தவர்கள் மிகச் சிறு பங்குதான். நேரடியாக "ஜனநாயகம் வேண்டுமா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், இந்த உண்மை அதில் வராது.

ஆனால் ஒன்று, தரவை வெளிப்படையாக வைக்கத் தயாராக இருங்கள். லகூர் விவகாரம் நினைவிருக்கட்டும். வீடு வீடாகப் போய்ப் பேசினால் ஒருபால் திருமணம் பற்றிய கருத்து நிலையாக மாறுகிறது என்று 2014 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது, எழுதியவர்களில் ஒருவர் முனைவர் பட்ட மாணவரான லகூர். அதையே தொடர்ந்து செய்ய நினைத்த இன்னும் இரண்டு இளம் ஆய்வாளர்கள், ப்ரூக்மனும் கல்லாவும், எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பதைக் கவனித்தார்கள். ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்கும்போது இருக்க வேண்டிய சாதாரணத் தடுமாற்றமே அதில் இல்லை. 2015 மே மாதம் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த இருவரும் அதோடு நிற்காமல் மயாமியில் உண்மையான சோதனையை, திருநர் பற்றிய கருத்தை வைத்து, 2016இல் வெளியிட்டார்கள், பத்து நிமிடப் பேச்சு மூன்று மாதம் கழித்தும் தாக்கம் காட்டியது. ஒருவரின் தரவைக் கேட்டுச் சரிபார்ப்பது பொறாமை இல்லை, அதுவே ஆய்வு.

நெய்தல்:
களத்துக்குப் போகச் சொல்லுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜ் மாணவர் ஜூலியோ ரெஜேனி கெய்ரோவில் சுயேச்சைத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது 2016 ஜனவரியில் காணாமல் போனார், சித்திரவதைத் தடயங்களோடு உடல்தான் கிடைத்தது. டர்ஹம் மாணவர் மேத்யூ ஹெட்ஜஸுக்கு 2018இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் உளவுக் குற்றச்சாட்டில் ஆயுள் தண்டனை விதித்தார்கள், சில நாட்களில் மன்னிப்பு கிடைத்து வெளியே வந்தார். இருவரும் செய்துகொண்டிருந்தது ஆய்வேட்டுக்கான வேலைதான்.

நீங்கள் வெளியேறிவிடலாம், உங்களிடம் பேசிய குமாஸ்தா அங்கேயே இருப்பார். பெயரை மாற்றினால் போதாது, "ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் பெண் பதிவாளர்" என்று எழுதினாலே ஊருக்குள் ஆள் தெரிந்துவிடும். ஒலிப்பதிவைக் குறியாக்கம் செய்து வையுங்கள், யார் யார் என்ற பட்டியலைத் தனியாக வையுங்கள், எல்லை தாண்டும்போது மடிக்கணினியில் அதை எடுத்துப் போகாதீர்கள். அறநெறிக் குழுவின் படிவத்தில் இதெல்லாம் ஒரு பெட்டிக்குள் டிக் அடிக்கும் விஷயமாக இருக்கும், நிஜத்தில் ஒருவருடைய வேலையும் சுதந்திரமும் அதில் இருக்கிறது.

புதுஏடு:
எல்லோருக்கும் நன்றி. ஓய்வு வயது யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. ஆனால் ஹங்கேரிய மொழியும் தெரியாது, போலிஷும் தெரியாது. கைடிடம் எப்படிச் சொல்வது?

மழைக்கோடு:
இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இணையத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம் ஹங்கேரி பற்றி 2012 மார்ச்சிலும் போலந்து பற்றி 2017 டிசம்பரிலும் கொடுத்த கருத்துரைகளும் அப்படியே கிடைக்கும். இவற்றை வைத்து இரண்டு நாட்டின் காலவரிசையையும் முதலில் போடுங்கள். போலிஷை இப்போதே கற்கத் தொடங்கி நேர்காணலைப் போலந்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஹங்கேரிப் பகுதி ஆவணங்களில் நிற்கும். கைடுக்கு அவர் கேட்ட மூன்று கட்டுரைகளையே கொடுங்கள், முதலாவது வி-டெமில் நீதிபதி நீக்கம் பற்றிய குறியீட்டை எல்லா நாடுகளுக்கும் வைத்து, நிச்சயமின்மை வரம்போடு. மற்ற இரண்டும் இந்த ஒப்பீட்டிலிருந்து. காலவரிசை தயாரானதும் இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன், கல்தூணும் முதல் கட்டுரையின் மாதிரியைப் பார்த்துச் சொல்லட்டும்.