பழைய பைக் என்ஜின் ரேஸ் காருக்கு: தனி என்ஜின் வாங்குவதா, அடிபட்ட முழு வண்டியை வாங்குவதா?

கேள்வி

வணக்கம். ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். குழாய்ச் சட்டத்தின் வெல்டிங் முடிந்துவிட்டது, முன் சஸ்பென்ஷனும் பொருத்தியாயிற்று. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் என்ஜின், பைக்கில் இருப்பது போலவே குறுக்காக உட்காரும். அங்கிருந்து செயின் வழியாக டிஃபரென்ஷியல். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் மொத்த எடை 450 கிலோவைத் தாண்டக் கூடாது என்று கணக்கு.

இப்போது என்ஜின் இல்லாமல் வேலை நிற்கிறது. இரண்டு இடத்தில் பேசி வைத்திருக்கிறேன்.

ஒன்று சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000, 2005 மாடல். வெறும் என்ஜின், பலகை மேல் கிடக்கிறது. வயரிங்கை வெட்டி எடுத்திருக்கிறார்கள், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான ஈசியூ இல்லை. கழற்றும்போது நன்றாக ஓடியது என்கிறார் விற்பவர்.

இன்னொன்று யமஹா ஆர்1, 2003 மாடல். முன்னால் மோதிய முழு வண்டி. ஃபோர்க் வளைந்து, ரேடியேட்டர் நசுங்கியிருக்கிறது. பேட்டரி போய்விட்டதால் இதுவும் ஓடவில்லை. தனி என்ஜினைவிட விலை கூடுதல்.

மனசு சுசுகி பக்கம்தான் போகிறது. புது மாடல், இழுவையும் அதிகம். சனிக்கிழமை இரண்டையும் நேரில் பார்க்கப் போகிறேன். ஓட்டிக் காட்ட முடியாத என்ஜினை எதை வைத்து நம்புவது? என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில் 1

முழு வண்டியை எடுங்கள். இதை நான் தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் எனது முதல் காருக்குத் தனி என்ஜின் வாங்கி, அதை உயிர்ப்பிக்கத் தேவையான மீதிச் சாமான்களைத் தேடி ஒரு வருஷம் அலைந்திருக்கிறேன்.

என்ஜின் என்பது நீங்கள் வாங்க வேண்டியதில் பாதிதான். த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், ஃப்யூவல் பம்ப், காயில், ரெக்டிஃபையர், தெர்மோஸ்டாட், மீட்டர், சென்சார்கள், முக்கியமாக வெட்டாத வயரிங், அதற்குப் பொருந்தும் ஈசியூ. இதில் ஒவ்வொன்றும் அதே மாடலில், சில நேரம் அதே வருஷத்தில் கிடைக்க வேண்டும். தனித்தனியாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால் முழு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். ஆர்1-இல் மிஞ்சும் டேங்க், பின்சக்கரம், ஷாக் அப்சார்பர் எல்லாம் விற்றால் கையில் கொஞ்சம் திரும்பியும் வரும்.

சாவியைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள வண்டி என்றால் சாவி, பூட்டைச் சுற்றியிருக்கும் ஆன்டெனா வளையம், ஈசியூ மூன்றும் ஒரே செட்டாக வர வேண்டும். யமஹாவில் சிவப்புத் தலை உள்ள சாவி ஒன்று தருவார்கள். புதுச் சாவியைப் பதிய அதுதான் வேண்டும். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பதில் 2

தம்பி, நான் பைக் என்ஜின் பிரிச்சுக் கோக்கிற வேலைதான் செய்யறேன். ஓடாத என்ஜினைப் பார்க்கத் தெரிஞ்சா பயப்பட வேண்டியதில்லை.

முதல்ல என்ஜின் நம்பர். சுரண்டியோ, தேய்ச்சோ, மேலே திரும்ப அடிச்சோ இருந்தா அங்கேயே விட்டுட்டு வந்துருங்க. பேப்பர்ல இருக்கிற நம்பரும் கேஸ்ல, அதாவது என்ஜினோட வெளிக்கூட்டுல, இருக்கிற நம்பரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும்.

அடுத்தது, முன் ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழட்டச் சொல்லுங்க. இதை யாரும் பார்க்கிறதில்லை. ஓடும்போது செயின் அறுந்தா, அது சுருண்டு போய் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாடி இருக்கிற கேஸை உடைச்சுடும். அதை வெல்டு வெச்சு, பெயின்ட் அடிச்சு வித்துடுவாங்க. என்ஜினைச் சட்டத்தோட பிடிக்கிற காதுகளையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. விழுந்த வண்டியில அங்கேதான் முடி மாதிரி விரிசல் ஓடும்.

பிளக் நாலையும் கழட்டிட்டு, கிராங்கை ஸ்பேனர் போட்டுக் கையால சுத்துங்க. ரெண்டு முழுச் சுத்து, ஒரே சீரா வரணும். எங்கேயாவது இடிச்சா மேற்கொண்டு பலம் போடாதீங்க. அப்புறம் ஒவ்வொரு கியரா போட்டு ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, ஆறும் விழணும். ரெண்டாவது கியர்ல கவனம் வேணும், முரட்டுத்தனமா ஓட்டின வண்டியில முதல்ல தேயுறது அதுதான். சுமை ஏறும்போது நழுவுற கியரை நிக்க வெச்சு முழுசாக் கண்டுபிடிக்க முடியாது, ஆனா பல் மழுங்கியிருந்தா விழும்போதே கைக்குத் தெரியும்.

நல்ல பேட்டரி ஒண்ணை நீங்களே தூக்கிட்டுப் போங்க. பிளக் நாலும் வெளியே, த்ராட்டில் முழுசாத் திறந்து, ஸ்டார்ட்டர்ல சுத்தவிட்டு ஒவ்வொரு சிலிண்டர்லயும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறுற அழுத்தம்) பாருங்க. என்ஜின் ஆறிக் கிடக்கிறதால எண் கொஞ்சம் கம்மியா வரும், அதுக்காகக் கவலைப்படாதீங்க. நாலும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கா, அதுதான் கேள்வி. ஒண்ணு மட்டும் தாழ்ந்தா நாலஞ்சு சொட்டு ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்க. எண் ஏறினா பிஸ்டன் ரிங், ஏறலைன்னா வால்வு.

லீக் டவுன் டெஸ்டர் கிடைச்சா இன்னும் நல்லது, சிலிண்டருக்குள்ள காத்தடிச்சு எத்தனை சதவீதம் கசியுதுன்னு காட்டும். 10 சதவீதத்துக்குள்ள கசிஞ்சா தைரியமா எடுக்கலாம். 20-ஐத் தாண்டினா பிரிச்சாகணும். காத்து எங்கே போகுதுன்னு காதை வெச்சுக் கேளுங்க. ஆயில் ஊத்துற வாய்ல சீறினா ரிங், சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம்னா இன்டேக், ரேடியேட்டர்ல குமிழ் வந்தா கேஸ்கெட்.

கடைசியா, விடுவாங்கன்னா ஆயில் ஃபில்டரைக் கழட்டி அறுத்துப் பாருங்க. மடிப்புல செம்பு நிறத்துல மினுமினுன்னு இருந்தா பேரிங் போயிடுச்சு. வேற எது நல்லா இருந்தாலும் வேண்டாம்.

பதில் 3

இரண்டுமே 1000 சிசி என்ஜின். அவ்வளவு எதற்கு? ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகளில் மாணவர்கள் ஹோண்டா சிபிஆர்600 என்ஜினை வைத்தே அருமையான கார்கள் கட்டுகிறார்கள். 600 சுலபமாகவும் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

நானும் முதலில் அதைத்தான் யோசித்தேன். ஆனால் அந்தப் போட்டியில் 710 சிசி உச்சவரம்பு, காற்று போகும் வழியில் 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் என்று விதியே இருக்கிறது. கார்களும் என்னுடையதைவிட வெகு லேசு. 450 கிலோவை 600 சிசி இழுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கிளட்சை நழுவவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பதில் 4

என்ஜின் தேர்வு பற்றி மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் யாரும் இன்னும் ஆயிலைப் பற்றிப் பேசவில்லை. பைக் என்ஜின் காருக்குள் வந்து சாவதற்கு முதல் காரணம் அதுதான்.

பைக் திரும்பும்போது சாய்கிறது. எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும், சாய்ந்திருக்கும் என்ஜினைப் பொறுத்தவரை ஆயில் சம்ப்பின் (என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) அடியிலேயே நிற்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அதன் சம்ப்பையும் ஆயில் உறிஞ்சும் குழாயையும் வடிவமைத்திருக்கிறார்கள். கார் சாய்வதில்லை. 1 ஜி விசையில் நீங்கள் ஒரு வளைவில் போனால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சரிந்து நிற்கும். ஸ்லிக் டயர் (பள்ளக் கோடுகள் இல்லாத ரேஸ் டயர்) போட்டு 1.5 ஜி எட்டினால் 56 டிகிரி. ஆயில் எல்லாம் ஒரு பக்கச் சுவரில் ஏறிக்கொள்ள, உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உள்ள பேரிங், மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் உயிர் வாழ்கிறது. 10,000 ஆர்பிஎம்மில் அந்தப் படலம் அறுந்தால் பேரிங் பிடித்துக்கொள்ளச் சில நொடி போதும். அடுத்து ராடு உடைந்து கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நீண்ட வளைவு ஒன்றின் முடிவில் இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று மாத உழைப்பு அரை நிமிஷத்தில் போனது.

ஆகவே உறிஞ்சும் குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகள் கட்டாயம். தகடுகளின் அடியில் உள்பக்கம் மட்டும் திறக்கும் ரப்பர் கதவுகள் வையுங்கள். ஆயில் உள்ளே வரும், திரும்பிப் போகாது. மேலே ஒரு மூடித் தகடும் வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் சுவரேறி வெளியே வழிந்துவிடும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. அதிகமானால் கிராங்க் அதில் அடித்து நுரையாக்கும், பம்ப் அந்த நுரையைத்தான் அனுப்பும். கசிவை ஏந்த ஒரு கேட்ச் டேங்க் எப்படியும் வையுங்கள். ஸ்லிக் டயரில் நீண்ட வளைவுகளை ஓட்டப் போகிறீர்கள் என்றால் டிரை சம்ப் (ஆயிலை வெளியே தனித் தொட்டியில் வைத்து பம்ப் செய்யும் முறை) தவிர வேறெதையும் நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று. ஆர்1-இன் ஆயில் விளக்கு, ஆயில் மட்டத்தைத்தான் காட்டும், அழுத்தத்தை அல்ல. பம்ப் காற்றைக் குடிப்பதை அந்த விளக்கு சொல்லாது. அழுத்தத்துக்கென்று தனி சுவிட்சும் கண்ணுக்கு நேரே பெரிய சிவப்பு விளக்கும் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் சுசுகி. நம்பர் சுத்தமாக இருந்தது, கிராங்கும் வெண்ணெய் போலச் சுற்றியது. உண்மையைச் சொன்னால் அப்போதே வாங்கியிருப்பேன். ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றச் சொன்னேன். விற்பவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கழற்றினார். உள்ளே விரலளவு நீளத்துக்கு வெல்டு, அதன் மேல் வெள்ளிப் பெயின்ட். பதில் 2-இல் அண்ணா சொன்னது அப்படியே இருந்தது.

ஆர்1-இல் ஜெனரேட்டர் மூடி உராய்ந்திருக்கிறது, விரிசல் இல்லை. காதுகள் நலம். ஆறு கியரும் விழுகின்றன. கம்ப்ரஷன் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்று. லீக் டவுன் 6 முதல் 9 சதவீதத்துக்குள். ஃபில்டரில் மினுக்கம் எதுவும் இல்லை. சிவப்புச் சாவியும் இருந்தது. எடுத்துவிட்டேன்.

இப்போது புதுத் தலைவலி. என்ஜினையும் வயரிங்கையும் கழற்றித் தரையில் ஸ்டாண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்பார்க் மட்டும் இல்லை. மீட்டரில் 30 என்று காட்டுகிறது. இரண்டு நாளாக காயில், ஃப்யூஸ் எல்லாம் பார்த்துவிட்டேன்.

பதில் 2

30-ன்னா வண்டி கவுந்து கிடக்குன்னு ஈசியூ நினைக்குது. சாய்வு சென்சார் வயரிங்ல எங்கேயோ தொங்கிட்டு இருக்கும் பாருங்க, சின்னக் கறுப்புப் பெட்டி. பைக்ல இருந்த மாதிரியே நிமிர்த்தி இறுக்கிக் கட்டுங்க. சாவியை முழுசா ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போடுங்க. காயில்ல ஒண்ணும் இல்லை. சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் எல்லாம் சரியா இருக்கான்னும் பார்த்துக்கோங்க.

கேள்வி கேட்டவர்

ஓடிவிட்டது! சென்சார் மல்லாக்க விழுந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்ததும் மூன்றாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் இல்லாததால் பத்து நொடியில் அணைத்துவிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

செயின் விகிதத்துக்குப் பைக்கில் இருந்த முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகளையே வைக்கலாமா?

பதில் 1

தொடக்கத்துக்கு வைக்கலாம். பைக்கின் 190/50-17 பின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.95 மீட்டர் போகும். உங்கள் டயரின் வெளிவிட்டம் 530 மில்லிமீட்டர் என்றால் 1.66 மீட்டர்தான். டயர் சிறுத்ததாலேயே விகிதம் 15 சதவீதம் குறுகிவிடுகிறது. பைக்கைவிடக் கூடுதலான எடையை இழுக்க அது உதவும். கிளட்ச் ஸ்பிரிங்கை மட்டும் கடினமானதாக மாற்றிவிடுங்கள்.

பதில் 4

சட்டத்தில் ஏற்றுவதற்கு முன் சம்ப்பைக் கழற்றி, ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயில் உள்ள வலையைப் பாருங்கள். ஏற்றிய பிறகு கை போகாது.

கேள்வி கேட்டவர்

இன்று கழற்றினேன். உறிஞ்சும் வலையில் மூன்றில் ஒரு பங்கை ஆரஞ்சு நிற சிலிகான் துணுக்குகள் அடைத்திருந்தன. யாரோ முன்பு கேஸ்கெட்டுக்குப் பதில் அள்ளிப் பூசியிருக்கிறார்கள். சுத்தம் செய்துவிட்டேன். தடுப்புத் தகட்டுக்கு அட்டையில் அச்சு வெட்டி வைத்திருக்கிறேன். குழாயின் வாய்க்கும் சம்ப்பின் அடித்தகட்டுக்கும் நடுவே இப்போது இருக்கும் இடைவெளியை மாற்றலாமா?

பதில் 4

அதைத் தொடாதீர்கள். குழாய் இருந்த உயரத்திலேயே இருக்கட்டும், தகடுகளை மட்டும் அதைச் சுற்றிக் கட்டுங்கள். கதவுகளுக்கு ஆயிலில் ஊறாத நைட்ரைல் ரப்பர் போடுங்கள். சாதாரண டியூப் ரப்பர் சூடான ஆயிலில் உப்பிப் போய் மூடிக்கொள்ளும்.