விடி100 முனையம்: முதன்முறை மின்சாரம் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

இளங்கோ

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெய்னார்டுக்கு அருகே வசிக்கிறேன். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1957இல் அந்த ஊரின் பழைய கம்பளி ஆலையில்தான் தொடங்கியது என்பதால், இந்தப் பக்கத்து வீடுகளைக் காலி செய்யும்போது அந்நிறுவனத்தின் சாதனங்கள் இன்றும் நிலவறைகளிலிருந்து வெளிவருவதுண்டு. சென்ற மாதம் அப்படி ஒரு வீட்டிலிருந்து எனக்கு ஒரு விடி100 கணினி முனையம் (வேறொரு கணினியோடு கம்பியால் இணைத்துப் பயன்படுத்தும் திரையும் விசைப்பலகையும்) கிடைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை யாரும் இயக்கவில்லை என்று வீட்டார் கூறினார்கள்.

விசைப்பலகை உடன் இருக்கிறது. அதன் சுருள்கம்பியின் முனையில் கிதார் வாத்தியத்துக்குப் போடுவது போன்ற தடித்த பிளக் இருப்பதைப் பார்த்து, யாரோ மாற்றிவிட்டார்களோ என்று ஐயுற்றேன். திரையின் ஓரங்களில் வெண்மையான திட்டுகள் படர்ந்துள்ளன, துடைத்தால் போகவில்லை. அணைந்திருக்கும் திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால், பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற எழுத்துகளின் தடம் மங்கலாகத் தெரிகிறது.

நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா, அல்லது முதலில் திறந்து பார்ப்பதுதான் முறையா? அந்த வெண்திட்டுகளை நீக்க முடியுமா?

சுந்தரமூர்த்தி

இளங்கோ அவர்களுக்கு வணக்கம். பிளக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியேதான் இருக்கிறது. கால் அங்குல ஆடியோ பிளக்கின் மூன்று தொடுபுள்ளிகள் வழியாகவே மின்சாரம், விசைத்தகவல் இரண்டும் செல்லுமாறு விடி100 விசைப்பலகையை அமைத்திருந்தார்கள். சென்னையில் 1980களின் பிற்பாதியில் டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினியோடு இணைந்த முனையங்களின் முன் அமர்ந்து நிரல் எழுதியவன் நான். ஆகையால் உங்கள் கேள்வியைக் கண்டதும் அந்த அறையின் குளிர்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

தயவுசெய்து நேராக மின்சாரம் கொடுக்காதீர்கள். பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்கள் வேரியாக் என்ற மாறு மின்மாற்றியை வைத்து மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தச் சொல்வார்கள். அந்த அறிவுரை இதற்குப் பொருந்தாது. விடி100இல் இருப்பது ஸ்விட்சிங் வகை மின்வழங்கி (பவர் சப்ளை). உள்வரும் மின்னழுத்தம் குறைந்தால் அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கும் என்பதால், மெதுவாக ஏற்றுவது அதற்கு நன்மைக்கு மாறாகக் கெடுதலையே செய்யும். முதலில் மூடியைத் திறந்து, பியூஸ் சரியாக உள்ளதா, மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) உப்பியோ கசிந்தோ இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மின்வழங்கியைத் தனியே எடுத்து, தகுந்த சுமையை இணைத்து (சுமையில்லாமல் ஓட்டக் கூடாது), +5, +12, −12, −23 ஆகிய நான்கு மின்னழுத்தங்களும் வருகின்றனவா என மல்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன −23 வோல்ட்டை மறந்துவிடாதீர்கள். அதன் வேலை என்னவென்பது முனையம் ஓடத் தொடங்கியதும் தெரியவரும்.

பிக்சர் டியூப்பின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்ட கம்பி ஒன்று இருக்கும். முனையம் இயங்கும்போது அதில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் நிற்கும். அணைத்த பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். அந்த மின்னேற்றத்தை இறக்கும் முறையை நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்ளாமல் அங்கே கை வைக்காதீர்கள். டியூப்பின் மெல்லிய கழுத்துப் பகுதியையும் தட்டிவிடாதீர்கள். விடி100க்கு இன்னொரு பிக்சர் டியூப் தேடுவது இந்நாளில் எளிதான காரியம் இல்லை.

தமிழரசி

வெண்திட்டுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சேகரிப்பாளர்கள் இதனைக் கண்புரை என்றே சொல்கிறோம். பார்க்கப் பூஞ்சை போலிருந்தாலும் அது பூஞ்சை இல்லை. பிக்சர் டியூப் வெடித்தால் சில்லுகள் முகத்தில் தெறிக்காமலிருக்க, அதன் முன்புறம் இன்னொரு கண்ணாடியை ஒட்டியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள பசை பல ஆண்டுகளில் சிதைந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளுத்துக்கொண்டே வரும். கோளாறு இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பதால்தான் உங்கள் துடைப்புக்கு அது அசையவில்லை.

என்னிடமுள்ள ஏடிஎம்-3ஏ முனையத்தில் இதை நானே நீக்கியிருக்கிறேன். லியர் சீக்லர் நிறுவனம் 1976இல் வெளியிட்ட முனையம் அது. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளில் அம்புக்குறிகள் அச்சாகியிருக்கும். நிரலாளர் பில் ஜாய் அதன் முன் அமர்ந்து விஐ என்ற உரைத்தொகுப்பானை உருவாக்கியதால்தான், இன்றைக்கும் அதில் அந்த நான்கு எழுத்துகளைக் கொண்டே நாம் கர்சரை நகர்த்துகிறோம். டியூப்பைக் கழற்றி, கண்ணாடியை மிக மெதுவாக, எல்லாப் பக்கமும் சீராகச் சூடேறும்படி வெப்பக்காற்றில் காட்டினேன். பசை இளகியபின், மீன்பிடி நரம்பை ஒரு மூலையில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இரு கைகளாலும் முன்னும் பின்னும் இழுத்தபடி இறங்கினேன். இரண்டு மாலைப்பொழுதுகள் பிடித்தன. பசை பிரியும்போது வரும் அந்த மெல்லிய முறுக்கொலி ஒவ்வொரு முறையும் கண்ணாடியே விரிசல் விடுவது போலக் கேட்டது. முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் இதைச் செய்யக் கூடாது. பசையை வழித்துத் துடைத்தபின் முன்கண்ணாடியை மீண்டும் பொருத்தியே ஆக வேண்டும். அது பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது, அழகுக்காக இல்லை.

இது உங்களுக்கு முதல் முனையம் என்றால், இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். நடுவில் எழுத்து படிக்கும்படி இருந்தால் ஓரத்துக் கண்புரையோடு அது பல ஆண்டுகள் ஓடும். எழுத்துத் தடத்தை நீக்க வழியே இல்லை; இருந்தாலும் நான் நீக்க மாட்டேன். யாரோ ஒருவர் நாள்தோறும் எந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கு அந்தக் கண்ணாடி ஒன்றே சாட்சி. பிளாஸ்டிக்கின் மஞ்சளைப் பெராக்சைடு பூசி வெளுப்பவர்களுடனும் நான் உடன்படுவதில்லை. மஞ்சள் திரும்பவும் ஏறும். இடையில் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு கெட்டுப்போகும்.

இளங்கோ

சுந்தரமூர்த்தி ஐயாவுக்கும் தமிழரசி அம்மாவுக்கும் மிக்க நன்றி. அலுவலக நண்பர் ஒருவருடைய துணையோடு மின்வழங்கியைச் சோதித்தேன். முதல் மூன்று மின்னழுத்தங்களும் சரியாக வந்தன. −23 மட்டும் மிகவும் குறைந்திருந்தது. அந்தப் பாதையிலிருந்த ஒரு மின்தேக்கியை மாற்றியதும் அதுவும் சரியாகிவிட்டது. எல்லாவற்றையும் பொருத்தி மின்சாரம் கொடுத்தபோது மணி ஒலித்தது. விசைப்பலகை விளக்குகள் எரிந்தன. ஆனால் திரை மிக மங்கலாக இருக்கிறது, இடப்பக்க மேல்மூலையில் 2 என்ற எண் தெரிகிறது. பிக்சர் டியூப் தேய்ந்துவிட்டதா?

சுந்தரமூர்த்தி

அவசரப்பட்டு டியூப்பைக் குறை சொல்ல வேண்டாம். விடி100இன் வெளிப்புறத்தில் வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது. அமைப்புகளை மாற்ற உதவும் செட்-அப் விசையை அழுத்திவிட்டு மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள், வெளிச்சம் கூடும். அந்த அளவு, தகவல் செல்லும் வேகம், டேப் விசை தாவும் இடங்கள் என அனைத்து அமைப்புகளும் இஆர்1400 என்ற சிறு நினைவகச் சில்லில் சேமிக்கப்படுகின்றன. அதில் எழுதத் தேவைப்படுவதே நான் முன்பு சொன்ன −23 வோல்ட். சில்லிலுள்ள தகவல் சரிபார்ப்பில் தவறினால் திரையில் 2 தோன்றும். 4 தோன்றினால் விசைப்பலகையில் கோளாறு என்று பொருள். செட்-அப் நிலையில் அமைப்புகளைச் சரிசெய்து, ஷிஃப்டும் எஸ்ஸும் சேர்த்து அழுத்திச் சேமியுங்கள். அணைத்து மீண்டும் போட்டபோதும் 2 வந்தால்தான் அந்தச் சில்லை ஐயுற வேண்டும்.

கதிர்வேல்

கணினியோடு இணைப்பதற்கு ஒரு குறிப்பு. மூன்று கம்பிகள் போதும்: யுஎஸ்பி மாற்றியின் ஒன்பது முனை இணைப்பானில் 2, 3, 5, முனையத்தின் 25 முனை இணைப்பானில் முறையே 2, 3, 7. மாற்றி, முனையம் பயன்படுத்தும் ஆர்எஸ்-232 என்ற தொடர் இணைப்பு வகையாகவே இருக்க வேண்டும். 5 வோல்ட் வகையை வாங்கிவிடாதீர்கள். செட்-அப் பி பக்கத்தில் தானியங்கி எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் வசதியை (தகவலைச் சற்று நிறுத்தும்படி முனையமே கணினியிடம் கேட்கும் முறை) இயக்கிவிடுங்கள். இல்லையெனில், வழுவழுவென்று நொடிக்கு ஆறு வரிகளாக ஏறும் உருட்டலில் எழுத்துகள் விடுபட்டுப் போகும். லினக்ஸில் முனைய வகையை விடி100 என்று குறிப்பிட்டு, யூனிகோடை அணைத்துவிட்டால் குப்பை எழுத்துகளும் வராது.

இளங்கோ

இரவு பதினொரு மணிக்கு எழுதுகிறேன். அம்புக்குறியை அழுத்த அழுத்த வெளிச்சம் படிப்படியாக ஏறியது. சேமித்து, அணைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து மீண்டும் போட்டேன், 2 வரவில்லை. லினக்ஸின் உள்நுழைவு வரி இப்போது திரையில் நிற்கிறது. பழைய தடத்தின் மேல்வரியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. கண்புரையை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.