அமெரிக்கப் பல்கலைக்கழக வகுப்புகளில் தமிழ்: எங்கே தடுக்குகிறது?

முதலாண்டு ஆசிரியர்:
அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தமிழ் கற்றுத்தேறப் போடும் கணக்கு 44 வாரம், 1100 வகுப்பு மணி. கல்லூரி வகுப்போ வாரம் 5 மணி, பருவத்துக்கு 15 வாரம் என்று வைத்தால் 75 மணி. இரண்டு ஆண்டு ஓடினாலும் 300 மணிதான். அதனால் பேச்சுத்தமிழைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். ‘வருகிறேன்’ மட்டும் படித்தவருக்கு மதுரையில் ‘வர்றேன்’ என்றால் புரியாது. எழுத்தைக் கூடவே தொடங்கலாம், தவறில்லை. எழுத்துநடை இலக்கணத்தைத்தான் தள்ளிவைக்க வேண்டும்.

ஒலிப்பயிற்சி தருபவர்:
எல்லோரும் ‘ழ’வுக்குப் பயப்படுகிறார்கள். அமெரிக்கர் சொல்லும் ‘ர்’ ஒலியே ஏறக்குறைய அதுதான், சீக்கிரம் வந்துவிடும். வராதது த, ட வேறுபாடு. ஆங்கில ‘டி’க்கு நாக்கு நுனி மேல் ஈறில் படுகிறது. நம் ‘த’ பல்லில், ‘ட’ இன்னும் பின்னால் அண்ணத்தில். நடுவில் விழுவதால் ‘பத்து ரூபாய்’ நம் காதுக்குப் ‘பட்டு ரூபாய்’ ஆகிவிடுகிறது. அடுத்தது இரட்டிப்பு: பலி, பல்லி, கனம், கன்னம். தினமும் வகுப்பு தொடங்கியதும் 5 நிமிடம் போதும். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்ல, மாணவர் ஒற்றைக்கு ஒரு விரல், இரட்டைக்கு இரண்டு விரல் காட்டட்டும். காது பிரித்தறியும் முன் வாயைத் திறக்கச் சொன்னால் தப்பே படிந்துவிடும்.

இலக்கணம் எடுப்பவர்:
மேலே சொன்னதோடு இதையும் சேருங்கள். ‘நான் தெரியும்’, ‘நான் பசிக்கிறேன்’ என்ற பிழைகள் வேற்றுமை அட்டவணையால் திருந்துவதில்லை. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்குது’ என்று முழு வாக்கியமாக வாயில் ஏற்றிய பிறகு அட்டவணையைக் காட்டுங்கள். வினைச்சொல்லை இறந்தகாலத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்: போ, போனேன், நட, நடந்தேன், படி, படிச்சேன். தனியாகக் கொடுத்தால் ‘நடச்சேன்’ என்பார்கள். ‘கண்ணாடி உடஞ்சுது’, ‘கண்ணாடிய உடச்சான்’ இரண்டையும் ஒரே நாளில் பக்கத்தில் வையுங்கள். தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும்.

முதலாண்டு ஆசிரியர்:
வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளைகளைப் புதியவர்களோடு உட்கார வைக்காதீர்கள். புதியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு: எழுத்தும் மரியாதை வடிவமும். அம்மா தன்னிடம் ‘வா’, ‘சாப்பிடு’ என்றதையே கேட்டு வளர்ந்ததால் ஆசிரியரையும் ‘நீ வா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது திமிர் இல்லை, ‘வாங்க’ என்று சொல்ல அவர்களுக்கு வீட்டில் வாய்ப்பே வந்ததில்லை. சேர்க்கும்போது 10 நிமிடப் பேச்சு, ஐந்து வரி வாசிப்பு வைத்துப் பாருங்கள்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசன் நகரில் நடத்தும் கோடை வகுப்பு போல 8 வாரத்தில் ஓராண்டுப் பாடத்தை முடிப்பவர்கள் இலையுதிர் பருவத்தில் இரண்டாமாண்டு வகுப்புக்குக் கட்டாயம் பதிய வேண்டும். இடைவெளி விட்டால் முதலில் மறப்பது வினைச்சொற்கள்.