ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்தால் ஊர் சிரிக்குமா?

கானாடுகாத்தான்வாசி:
பணி ஓய்வு பெற்றதும் மனைவியுடன் சென்னையிலிருந்து சொந்த ஊருக்கே வந்துவிட்டேன். பூர்வீக வீட்டில் தம்பி குடும்பமும் ஆத்தாவும் இருக்கிறார்கள். வயதான காலத்தில் கூடி இருக்கலாம் என்ற ஆசையில் சமையலை ஒன்றாக்கினோம். இப்போது காலையில் காபித்தூள் தீர்ந்ததில் தொடங்கி, இரவில் நடு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் விளக்கை அணைக்காமல் விட்டது வரை எல்லாமே மனத்தாங்கல். யாரும் சத்தம் போடுவதில்லை, போட்டாலாவது தேவலை. தம்பி மனைவி டம்ளரைக் கொஞ்சம் அழுத்தி வைத்தால் போதும், என் மனைவிக்கு அன்று முழுவதும் பேச்சு வராது. தனிச் சமையல் என்று வாயைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. நிம்மதிக்கு வழி சொல்லுங்கள்.

காரைக்குடி நடையாளர்:
அதிகாலை நடை, பிறகு கொஞ்சம் மூச்சுப் பயிற்சி. எதையும் மனத்தில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். எல்லாம் சரியாகிவிடும்.

பள்ளத்தூர் ஆச்சி:
நடந்துவிட்டு அதே அடுப்படிக்குத்தானே திரும்பி வர வேண்டும்?

தம்பி, ஊர் சிரிக்கும் என்கிறீர்களே, எந்த ஊர்? செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பது காலங்காலமாக உள்ள முறை. சண்டை வந்த பிறகு செய்கிற காரியமா அது? எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடுவார்கள். வளவைச் சுற்றி ஆளுக்கோர் அறை, சமைக்கத் தனி அடுப்பு. அரிசி, பருப்பு, விறகு அளந்து கொடுத்து, வருடச் செலவுக்கு ஒரு தொகையும் தருவார்கள். விசேஷம் வந்தால் எல்லோருக்கும் ஒரே சமையல்.

என்னை வேறு வைத்தபோது மாமியார் தந்த பாத்திரம் அத்தனையிலும் எழுத்து வெட்டியிருந்தது. கரண்டிக் காம்பில்கூட என் வீட்டுக்காரரின் முதலெழுத்து இருக்கும். ஒரு கரண்டி இடம் மாறினால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். என் ஓரகத்தி அடுத்த அடுப்பில் சமைப்பாள். அவள் ரசத்தில் பூண்டு தூக்கலாக இருக்கும், என் வீட்டுக்காரருக்கு ஆகாது. ஒரே பானை என்றால் தினமும் ஒருத்தி முகம் சுளிக்காமல் சாப்பிட்டுத் தீர வேண்டும். நாங்களோ ஆளுக்கொரு கிண்ணத்தில் ருசி பார்க்கக் கொடுத்துக்கொண்டோம். அவளாகக் கொடுத்தால் உபசாரம். நானாக எடுத்தால் வழக்கு.

மின்கட்டணம், ஓடு மாற்றுவது, மழைக்கு முன் முற்றத்துத் தூம்பில் சருகு அள்ளுவது இவை பொது. இதற்கு ஒரு நோட்டுப் போட்டு, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள். உங்கள் மேசைக்குள் வைத்தால் அது உங்கள் கணக்காகிவிடும். செட்டிநாட்டில் பிறந்தவருக்குப் பேரேட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தேவகோட்டை மளிகை:
நாங்கள் நகரத்தார் இல்லை. இருந்தாலும் ஆச்சி சொல்வது சரிதான். அண்ணன் தம்பி இருவர் ஒரே பற்றுக் கணக்கில் சாமான் வாங்கினால் மாதக் கடைசியில் என் கடையில் நின்றுதான் முறைத்துக்கொள்வார்கள். முதலில் பற்றுக் கணக்கைப் பிரியுங்கள்.

கானாடுகாத்தான்வாசி:
ஆச்சி, ஆத்தா யாரிடம் சாப்பிடுவார்கள்? அவர்களைப் பங்கு போட்டதாக ஆகிவிடாதா?

பள்ளத்தூர் ஆச்சி:
அவர்களிடமே கேளுங்கள். நீங்களும் தம்பியும் உள்ளே பேசி முடிவு செய்துவிட்டு வந்து சொன்னால்தான் பங்கு. என் மாமியார் கண் மங்கும் வரை தனக்குத் தானே பொங்கிக்கொண்டார். யாரையும் உள்ளே விடமாட்டார். பிறகு நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

கானாடுகாத்தான்வாசி:
கேட்டேன். "எனக்கும் ஓர் அடுப்பு வை. உங்கள் ரெண்டு பேர் வீட்டுச் சாம்பாரிலும் உப்பில்லை" என்கிறார்கள்! தம்பி மனைவி சிரித்துவிட்டாள், என் மனைவியும்தான். இரண்டாங்கட்டில் இடம் இருக்கிறது. ஆத்தாவுக்கு ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கட்டுமா?

பள்ளத்தூர் ஆச்சி:
வாங்கிவிடாதீர்கள். அவர்கள் வெண்கலப் பானையில்தான் பொங்குவார்கள். இண்டக்‌ஷனில் வெண்கலம் சூடேறாது. காஸ் அடுப்பே பாருங்கள், உயரம் குறைவான மேடையாக.