புதுப்பிப்பு: பாய்மரத்தை 18 அடியிலேருந்து 21 அடியா ஏத்தின பிறகு

மார்கழில இங்க கேட்டிருந்தேன், காலைல காத்து செத்துப்போனா என் பாய் படகு நகரவே மாட்டேங்குது, மரத்தை மூணு அடி உயர்த்தலாமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தையில மாத்தி, பாயையும் அதுக்கேத்த மாதிரி பெருசாக்கி, இப்ப சித்திரை வரைக்கும் ஓட்டிப் பாத்தாச்சு.

தண்ணிய ஒட்டி வீசுறத விட மேல காத்து வேகம் ஜாஸ்தின்னு சொன்னது உண்மைதான், கோடியக்கரை பக்கம் கடல் தகடு மாதிரி கெடக்கும்போதுகூட பாயோட மேல் முனை மட்டும் லேசா உப்புது, படகு மெல்ல ஊர்ந்து போவுது, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு.

ஆனா சாய்வு கூடிப்போச்சு. மதியம் கடக்காத்து ஏறினா முன்ன விட சீக்கிரமே பாயைச் சுருக்கியாகணும். சுருக்குக் கயிறு ரெண்டாவது வரிசை தைச்சு வைங்கன்னு சொன்ன நாகப்பட்டினம் அண்ணன் யோசனைதான் கைகொடுத்துச்சு. மணல் மூட்டையும் போட்டுப் பாத்தேன், சாய்வு கொறஞ்சுது, ஆனா படகு தாழ்ந்து முத்துப்பேட்டை அலையாத்திக்குள்ள தரை தட்டுது, எடுத்துட்டேன்.

எதிர்பாக்காதது ரெண்டு. நங்கூரம் போட்டு பாயை இறக்கினாலும் ஆட்டம் மெதுவா, அகலமா இருக்கு, சவுக்கு மரத்தோட கனம் மேல இருக்கறதால. இன்னொன்னு, வாய்க்கால் பாலத்துக்கு அடியில மரம் இடிக்குது, அதனால மரத்தோட அடியில கதவுக்கு வைக்கிற மாதிரி கீல் வச்சு மடக்குற மாதிரி பண்ணிருக்கேன். புதுசா செய்யறவங்க சவுக்குக்குப் பதிலா அலுமினிய பைப் போடுங்க, கனம் கொறையும்.