குசாட்சு ரியோகான்: சைவச் சாப்பாடு, குளியல் முறை?

மலைநாடி: அம்மாவும் நானும் ஜப்பானில் குன்மா மாகாண மலைப்பகுதியிலுள்ள வெந்நீர் ஊற்று ஊரான குசாட்சுவில் ஒரு ரியோகானில் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) ஓர் இரவு தங்குகிறோம். அம்மா சுத்த சைவம். எதையெல்லாம் முன்கூட்டியே கவனிக்கணும்?

கட்டைவண்டி: டோக்கியோ உயெனோவிலிருந்து நகனோஹாரா-குசாட்சுகுச்சி வரை நேரடி எக்ஸ்பிரஸ், சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிஷம். மாலை 5-க்குள் சேர்ந்துடுங்க. இரவுச் சாப்பாடு பெரும்பாலும் 6 மணிவாக்கில். தாமதமானால் கிடைக்காமலே போகலாம்.

கீரைக்கட்டு: 'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. மிசோ சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் 'தாஷி' இருக்கும். அது பெரும்பாலும் கருவாட்டுச் சாறுதான். இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் வேண்டாம், 'கொம்பு' என்ற கடற்பாசி, ஷீட்டாகே காளான் இவற்றில் செய்த தாஷி பரவாயில்லை என்று புக் பண்ணும்போதே ஜப்பானிய மொழியில் எழுதுங்க. போய் இறங்கிச் சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. ரியோகான் மறுத்தால் சாப்பாடு இல்லாத அறையாக எடுங்க.

வெந்நீர்: குசாட்சு ஊற்றுத் தண்ணீர் கடும் அமிலம், பிஎச் 2 வாக்கில். கண்ணில் பட்டால் எரியும், வெட்டுக்காயத்தில் இன்னும் மோசம். அம்மாவின் வெள்ளி மெட்டி, கொலுசைக் கழற்றி வைக்கச் சொல்லுங்க, கறுத்துடும். உடையில்லாமல்தான் குளிக்கணும்; ஆண், பெண் தொட்டி தனித்தனி. முக்காலியில் உட்கார்ந்து சோப்பு நுரை போகக் கழுவி, காலிலிருந்து மேலே வெந்நீர் ஊற்றிப் பழக்கி, பிறகு இறங்குங்க. முதல் தடவை 3 நிமிஷம் போதும். சின்னத் துண்டு தொட்டிக்குள் படக்கூடாது. ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் முதலில் கேளுங்க.

கட்டைவண்டி: ரியோகானில் தரும் யுகாதாவில் (பருத்தி அங்கி) இடப்பக்கம் மேலே வரணும். மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு.