இது என்ன பல்? மொசாசரா, இக்தியோசரா? (அவசரம்)

கல்பொறுக்கி: வணக்கம். நேற்று ஒரு புதைபடிவம் கிடைத்தது. டைனோசர் காலத்துக் கடல் ஊர்வனவான மொசாசர், இக்தியோசர் இரண்டில் எதன் பல் என்று தெரியவில்லை. கூம்பு மாதிரி, கருப்பு, பளபளப்பு. நாளை பள்ளிக் கண்காட்சியில் பெயர் எழுதி வைக்க வேண்டும். படம் மங்கல், மன்னிக்கவும்.

ஓடைமணல்: எந்த ஊர்? எவ்வளவு நீளம்? பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து இன்னொரு படம் போடுங்கள்.

சுண்ணாம்புக்கல்: மொசாசர்தான், சந்தேகமே இல்லை.

பழம்பாறை: இடம் சொல்லாமல் பெயர் கேட்பவர்களுக்கு எத்தனை தடவைதான் சொல்வது? பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

கல்பொறுக்கி: அரியலூர் பக்கம்.

சிப்பிராணி: பல்லே இல்லை, பெலெம்னைட் (கணவாய் போன்ற பழங்காலக் கடலுயிரின் உள் ஓடு). பெரம்பலூர் பக்கத்துக் காரை ஊரில் சுருட்டு மாதிரி நிறையக் கிடக்கும். ஒடிந்த முனையில் நடுவிலிருந்து ஆரம் ஆரமாகக் கோடு ஓடுகிறதா?

பழம்பாறை: அரியலூர் பக்கம் என்றால் போதாது. அங்குள்ள கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் பாறை சுமார் 7 கோடி வருடப் பழசு. இக்தியோசர்கள் ஏறக்குறைய 9 கோடி வருடத்துக்கு முன்பே அழிந்துவிட்டன. அங்கே எடுத்ததென்றால் அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். காரைக் களிமண் அதைவிடப் பழசு, அங்கே இக்தியோசர் உண்டு. தொல்லுயிரியலாளர் லிடெக்கர் 1879இல் இக்தியோசரஸ் இண்டிகஸ் என்று பெயர் வைத்ததே இந்தத் திருச்சி வட்டாரத்து முதுகெலும்புகளுக்குத்தான்.

ஓடைமணல்: பல்லை உருட்டிப் பாருங்கள். மொசாசர் என்றால் முன்னும் பின்னும் கத்தி விளிம்பு மாதிரி வரம்பு இருக்கும், அடியில் எலும்புக் குமிழ் தடித்திருக்கும். இக்தியோசர் என்றால் வரம்பு இருக்காது. நெடுக வரிகள், வேரில் மடிப்பு மடிப்பாகப் பள்ளம். ப்ளீசியோசர் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் பல் ஒல்லியாக வளைந்திருக்கும்.

சுண்ணாம்புக்கல்: வினிகரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள், எல்லாம் தெளிவாகத் தெரியும்.

ஓடைமணல்: தயவுசெய்து வேண்டாம். அமிலம் பல்லையும் அரிக்கும். ஈர பிரஷ் போதும்.

சிப்பிராணி: முதலில் இதை எடுத்ததே தப்பு. 2020இல் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று வதந்தி கிளம்பியதும் ஊரே திரண்டது. கடைசியில் பார்த்தால் அம்மோனைட் (சுருள் ஓட்டுப் பழங்காலக் கடலுயிர்) உருண்டைகள்.

சுண்ணாம்புக்கல்: எடுக்காமல் விட்டால் அடுத்த மழையில் ஓடையோடு போயிருக்கும்.

சிப்பிராணி: எந்த அடுக்கில் இருந்தது என்று குறிக்காமல் எடுத்தால் மட்டும் என்ன மிச்சம்?

பழம்பாறை: இதற்குத் தனி இழை திறங்கள்.

கல்பொறுக்கி: காரைதான். வரம்பு இல்லை, வேரில் பள்ளம் இருக்கிறது. இக்தியோசர் என்று எழுதிவிட்டேன். நன்றி.

ஓடைமணல்: பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். வேரின் படம் எங்கே?